டி டிரைவில் தாத்தாவின் காகிதங்கள்: விண்டோஸ் இருக்கும்போதே லினக்ஸ் போட எந்த வழி?

மாடி வீட்டுப் பையன் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றான். "அங்கிள், லினக்ஸ் போடணும். விண்டோஸும் இருக்கணும்." விண்டோஸ் மாதிரியே மெஷினை இயக்கும் இன்னொரு சிஸ்டம்தான் லினக்ஸ். பின்னாலேயே அவன் அப்பா. கோலார் தங்கவயலிலிருந்து பெங்களூரு அல்சூருக்குக் குடிவந்த குடும்பம். அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "தம்பி, டி டிரைவ்ல எங்கப்பாவோட பேப்பர் எல்லாம் இருக்கு. அதுக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாது."

அவருடைய அப்பா தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடினார்கள். அதன்பின் வீட்டில் மிஞ்சியது சர்வீஸ் சான்றிதழ், அடையாள அட்டை, குவார்ட்டர்ஸ் சம்பந்தப்பட்ட காகிதங்கள், சில போட்டோக்கள். தகரப் பெட்டிக்குள் மழைத் தண்ணீர் இறங்கி ஒரிஜினல்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன. அதற்கு முன்பே ஸ்கேன் செய்து வைத்ததுதான் இப்போது இருக்கும் ஒரே பிரதி. அதுவும் இந்த லேப்டாப்பில் மட்டும்.

"அதான் சி டிரைவ்ல வைக்காம டி டிரைவ்ல வெச்சிருக்கேன்" என்றார், பத்திரமாகப் பூட்டி வைத்த ஆளின் குரலில்.

இந்த நம்பிக்கை நம் ஊர்களில் ரொம்பப் பேருக்கு உண்டு. விண்டோஸ் கெட்டுப்போய் கடைக்குப் போனால் சி-யை மட்டும் ஃபார்மட் செய்து தருவார்கள், டி தப்பித்துவிடும். பல வருடம் அப்படிப் பழகிப் பழகி, டி டிரைவ் ஏதோ தனி லாக்கர் மாதிரி மனதில் பதிந்துவிட்டது. உண்மையில் ஒரே அறையின் நடுவே போட்ட பிளைவுட் தடுப்புதான் அது. இப்படிப் பிரித்த ஒவ்வொரு பகுதிக்கும் பார்டிஷன் என்று பெயர். லினக்ஸ் இன்ஸ்டாலரில் 'டிஸ்க்கை அழித்துவிட்டு நிறுவு' என்று ஒரு வரி வரும். அந்த வரியில் இருப்பது டிஸ்க், டிரைவ் எழுத்து இல்லை. அதைத் தேர்ந்தெடுத்தால் சி, டி, கம்பெனி கொடுத்த ரெக்கவரி பார்டிஷன் எல்லாம் ஒரே மூச்சில் போகும்.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன்னால், பூட், அதாவது மெஷின் எழும் வழி, போவது வேறு, டேட்டா போவது வேறு என்பதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். மெஷினை ஆன் செய்தால் கறுப்புத் திரையில் ஏதோ ஆங்கில வரி வந்து நிற்கிறது, விண்டோஸ் வரவில்லை என்றால் பெரும்பாலும் பூட் மட்டும்தான் போயிருக்கும். கோப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கும். ஒரு லைவ் பென்டிரைவ் (எதையும் நிறுவாமல் அதிலிருந்தே லினக்ஸ் ஓடும்) போட்டுத் திறந்தால் கண்ணால் பார்க்கலாம். டேட்டா நிஜமாகப் போவது பல சமயம் அதற்கு அடுத்த ஒரு மணி நேரத்தில், பதற்றத்தில் நாம் செய்கிற காரியத்தால்.

அப்படிப் போக்கியவன் நான். 2011-ல் பிடிஎம் லேஅவுட்டில் ஒரு பிஜி விடுதி, ஒரு ரூமுக்கு மூன்று பேர். ரூம்மேட்டின் லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன், நன்றாகவே ஓடியது. நான்கு மாதம் கழித்து அவன் வேண்டாம் என்றதும், விண்டோஸுக்குள் இருந்தபடியே லினக்ஸ் பார்டிஷனை டிலீட் செய்தேன். ரீஸ்டார்ட் செய்தால் 'க்ரப் ரெஸ்க்யூ' என்ற வரியோடு திரை நின்றுவிட்டது. மெஷின் ஆன் ஆனதும் லினக்ஸையோ விண்டோஸையோ எழுப்பிவிடும் நிரல்தான் க்ரப். அந்தக் காலத்து எம்பிஆர் முறையில் டிஸ்க்கின் முதல் 512 பைட்டில் க்ரப் தன் ஆரம்பத் துண்டை எழுதி வைத்திருக்கும். மீதித் துண்டு இருந்த பார்டிஷனைத்தான் நான் அழித்துவிட்டேன். விண்டோஸ் சிடி ஒன்றைப் போட்டு பூட் பகுதியைச் சரிசெய்திருந்தால் பத்து நிமிட வேலை. எனக்கு அது தெரியாது. கம்பெனி ரெக்கவரி கீயை அழுத்தி, கேட்டதற்கெல்லாம் 'யெஸ்' கொடுத்தேன். அது டிஸ்க் முழுவதையும் கடையில் வாங்கின அன்றைய நிலைக்குக் கொண்டுபோய்விட்டது. அவன் தங்கை கல்யாண போட்டோக்கள் டி டிரைவில் இருந்தன. இன்றைக்கும் சேலத்தில் அவனைப் பார்த்தால் அந்தப் பேச்சு வரும். சிரித்துக்கொண்டேதான் சொல்வான்.

அதனால் பையனிடம் முதலில் கேட்டது, "எதுக்குடா லினக்ஸ்?" காலேஜ் லேபில் சி புரோகிராமும் ஷெல் ஸ்கிரிப்டும். அதற்கு மட்டும் என்றால் டிஸ்க்கைத் தொடவே வேண்டாம். விண்டோஸுக்குள்ளேயே ஓடும் டபிள்யூஎஸ்எல் போதும். 2016-ல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது, இரண்டாம் பதிப்பிலிருந்து நிஜமான லினக்ஸ் கெர்னலே அதில் ஓடுகிறது. பார்டிஷன் இல்லை, பூட் மாற்றம் இல்லை. லினக்ஸின் கோப்புகள் எல்லாம் சி டிரைவுக்குள் ஒரே ஒரு பெரிய வெர்ச்சுவல் டிஸ்க் கோப்பாக உட்கார்ந்திருக்கும். இதில் ஆபத்து வேறு பக்கம். ஏதோ சரியாக ஓடவில்லை என்று 'அன்ரெஜிஸ்டர்' கட்டளை கொடுத்தால் அந்தக் கோப்பு மறுபேச்சில்லாமல் போய்விடும். உள்ளே எழுதி வைத்த அசைன்மென்ட்டும் கூடவே போகும். ஆனால் தாத்தாவின் காகிதங்களுக்கு ஒன்றும் ஆகாது.

"அது நிஜ லினக்ஸ் மாதிரி இல்ல அங்கிள்" என்றான். டெஸ்க்டாப்பைப் பார்க்க வேண்டும், மெஷின் முழுக்க அதில் ஓட வேண்டும் என்கிற ஆசை. அந்த வயதில் எனக்கும் இருந்தது, குறை சொல்ல மாட்டேன்.

விண்டோஸுக்குள்ளேயே ஒரு பொய்க் கம்ப்யூட்டரை ஓட்டும் வெர்ச்சுவல்பாக்ஸ் அடுத்த வழி. பாதுகாப்பில் டபிள்யூஎஸ்எல் மாதிரிதான். இன்ஸ்டாலர் டிஸ்க் முழுவதையும் அழித்தாலும், அது அழிப்பது நாம் உருவாக்கிக் கொடுத்த ஒரு கோப்பை மட்டுமே. பார்டிஷன் போடப் பழக வேண்டும் என்றால் இதைவிட நல்ல இடம் கிடையாது. பையனை முதலில் இதில்தான் மூன்று தடவை நிறுவச் சொன்னேன், அதில் ஒரு தடவை வேண்டுமென்றே தப்பாக. ஆனால் அவன் மெஷினில் ரேம் 8 ஜிபி. பாதியை உள்ளே கொடுத்தால் இரண்டு பக்கமும் மூச்சு வாங்குகிறது. அந்த நேரத்து நிலையை ஸ்னாப்ஷாட் எடுத்தால் பேக்கப் எடுத்த மாதிரி என்று நினைக்கிறவர்களும் உண்டு. அந்த ஸ்னாப்ஷாட் அதே டிஸ்க்கில்தான் இருக்கிறது, டிஸ்க் போனால் அதுவும் போச்சு.

லைவ் பென்டிரைவ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வைஃபை, சவுண்ட், டச்பேட் எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கு அருமை, தினசரி வேலைக்கு மெதுவு. ஆபத்து அதை உருவாக்கும் நேரத்தில்தான். எந்த டிரைவைத் தேர்ந்தெடுக்கிறோமோ அதிலிருப்பது முழுக்கத் துடைக்கப்படும். பேக்கப் எடுத்த ஹார்டு டிஸ்க்கைக் கழற்ற மறந்துவிட்டு இந்த வேலையில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பேக்கப் முடிந்ததும் அந்த டிஸ்க் மேஜையில்கூட இருக்கக் கூடாது, பீரோவுக்குள் போய்விட வேண்டும்.

எல்லோரும் 'டூயல் பூட்' என்று சொல்வது, அதே டிஸ்க்கில் இடம் ஒதுக்கி லினக்ஸ் போடுவதை. செலவு இல்லை, வேகம் முழுசாகக் கிடைக்கும். கண்ணிகளும் இதில்தான் அதிகம்.

முதல் கண்ணி பிட்லாக்கர், டிஸ்க்கையே பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. இப்போது வரும் விண்டோஸ் 11 மெஷின்களில், மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டு உள்ளே நுழைந்தாலே டிஸ்க் என்க்ரிப்ட் ஆகிவிடுவது சகஜம், யாரும் தனியாகச் சொல்வதில்லை. பயாஸில் (விண்டோஸுக்கும் முன்னால் எழும் மதர்போர்டின் செட்டிங்) செக்யூர் பூட் என்ற காவலை மாற்றினாலோ பூட் ஆகும் பாதை மாறினாலோ, அடுத்த தடவை விண்டோஸ் நீலத் திரையில் 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கும். கீ இல்லையென்றால் டேட்டா டிஸ்க்கிலேயே இருந்தும் நமக்கு இல்லை. கீ இருப்பது எந்தக் கணக்கில் முதலில் உள்ளே நுழைந்தோமோ அதில். இந்த லேப்டாப்பில் அது யாருடைய மெயில் ஐடி என்று அப்பாவுக்கும் பையனுக்கும் தெரியவில்லை. வாங்கின கடையில் ஒரு பையன் ஏதோ போட்டுக் கொடுத்தானாம். அதைக் கண்டுபிடித்து, பாஸ்வேர்டை மாற்றி, கீயைத் தேடி எடுக்கவே அன்றைய மத்தியானம் போய்விட்டது. அந்த எண்ணை ஆறு ஆறாக எட்டுக் கட்டமாக ஒரு தாளில் எழுதி, தினசரி காலண்டர் அட்டைக்குப் பின்னால் செருகினார் அப்பா. மொபைலில் போட்டோ எடுத்தும் வைத்தோம். லேப்டாப்புக்குள் மட்டும் சேமித்தால் பீரோ சாவியைப் பீரோவுக்குள் வைத்த கதை.

இரண்டாவது, இடத்தைச் சுருக்குவது. இன்ஸ்டாலரிலேயே ஒரு கோட்டை இழுத்து விண்டோஸ் பார்டிஷனைச் சிறிதாக்கலாம். நான் அதைச் செய்வதில்லை. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே 'ஷ்ரிங்க்' செய்து காலி இடம் உண்டாக்கி, இன்ஸ்டாலருக்கு அந்தக் காலி இடத்தை மட்டும் காட்டுவதுதான் மேல். தன் கோப்புகள் எங்கே கிடக்கின்றன என்று விண்டோஸுக்குத் தெரியும். 300 ஜிபி காலியாக இருந்தும் கொஞ்சம்தான் சுருக்க முடியும் என்று சில சமயம் சொல்லும். நகர்த்த முடியாத சிஸ்டம் கோப்பு ஏதோ நடுவில் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் பிடிவாதமாக வேறு ஏதோ மென்பொருளை இறக்கித் தள்ளிப் பார்ப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். சுருக்குகிற நடுவில் கரண்ட் போகவும் கூடாது. மே மாதம் சாயங்காலம் நாலு துளி மழை விழுந்தாலே இங்கே விளக்கு அணையும். பேட்டரி செத்துப்போய் சார்ஜரிலேயே ஓடும் பழைய லேப்டாப் என்றால் யூபிஎஸ் இல்லாமல் தொடாதீர்கள்.

மூன்றாவது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். விண்டோஸை ஷட்டவுன் செய்தாலும் அது முழுசாகத் தூங்குவதில்லை, பாதி நினைவை டிஸ்க்கில் எழுதிவிட்டுக் கண்ணை மட்டும் மூடிக்கொள்கிறது. அந்த நிலையில் லினக்ஸிலிருந்து போய் சி-யிலோ டி-யிலோ எதையாவது எழுதினால், காலையில் எழுந்த விண்டோஸின் கணக்கும் டிஸ்க்கின் கணக்கும் ஒத்துவராது. லினக்ஸ் பெரும்பாலும் எச்சரித்து, 'படிக்க மட்டும்' என்று திறக்கும் அல்லது திறக்கவே மறுக்கும். வலையில் ஏதோ ஒரு கட்டளையைப் பார்த்து வலுக்கட்டாயமாகத் திறக்கிறவர்களுக்குத்தான் கோப்புகள் சிதைகின்றன. கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய் அந்த டிக்கை எடுத்துவிட்டால் தீர்ந்தது.

சில லேப்டாப்புகளில் இன்ஸ்டாலருக்கு டிஸ்க்கே தெரியாது. இன்டெல் ஆர்எஸ்டி என்ற முறையில் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். பயாஸில் அதை ஏஹெச்சிஐ என்று மாற்றினால் லினக்ஸுக்குத் தெரிந்துவிடும், ஆனால் விண்டோஸ் நீலத் திரை போட்டு நின்றுவிடும். இது பூட் போன கேஸ்தான், டேட்டா போகவில்லை. பழைய முறைக்கே திருப்பி வைத்தால் விண்டோஸ் எழுந்துவிடும். மாற்றியே ஆகவேண்டும் என்றால் விண்டோஸை முதலில் சேஃப் மோடில் எழும்படி வைத்துவிட்டு மாற்ற வேண்டும். இது தெரியாமல் விண்டோஸை மறுபடி நிறுவப் போனால், 2011-ல் நான் செய்ததையேதான் நீங்களும் செய்கிறீர்கள்.

கடைசியாக இன்ஸ்டாலரின் பார்டிஷன் பட்டியல். அங்கே சி, டி என்று பெயர் இருக்காது. என்விஎம்இ என்று தொடங்கி எண்களோடு வரிசையாக வரும். எந்த வரி எது என்பதை அளவை வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும், அதனால் முன்கூட்டியே விண்டோஸில் அளவுகளைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். 100 எம்பி அளவில் ஒரு குட்டி பார்டிஷன் இருக்கும், ஈஎஃப்ஐ. விண்டோஸின் பூட் கோப்புகளும் லினக்ஸின் பூட் கோப்புகளும் அதற்குள் தனித்தனி ஃபோல்டரில் சமாதானமாக இருக்கும். அதற்கு நேரே 'ஃபார்மட்' டிக் போட்டால் விண்டோஸ் எழாது. டி டிரைவுக்கு நேரே போட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

"தப்பாப் போனா ரெக்கவரி சாஃப்ட்வேர் இருக்கே அங்கிள்?" பழைய ஹார்டு டிஸ்க் என்றால் அந்தப் பேச்சில் நியாயம் உண்டு. பார்டிஷன் பட்டியல் மட்டும் போயிருந்தால் டெஸ்ட்டிஸ்க் மாதிரி இலவசக் கருவி திரும்ப எடுத்துத் தரும், இப்போதைய ஜிபிடி முறை டிஸ்க்கின் கடைசியில் பட்டியலுக்கு ஒரு நகலும் இருக்கும். சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டியில் அப்படியில்லை. லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 முறையில் ஃபார்மட் செய்யும்போதே, 'இந்தக் கட்டங்கள் எல்லாம் இனி வேண்டாம்' என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிடுவதுதான் வழக்கம். அதன்பின் அங்கே தேடினால் பெரும்பாலும் வெறும் பூஜ்யம்தான். ஃபார்மட் முடிய ஆகும் சில நொடிகளில் தாத்தாவின் சர்வீஸ் சான்றிதழ் போய்ச் சேர்ந்திருக்கும்.

எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டியில் போடுவது கேட்க ரொம்ப அழகான யோசனை. லினக்ஸ் வேண்டும்போது செருகு, வேண்டாதபோது பிடுங்கு. நான் பார்த்த சிக்கல், சில இன்ஸ்டாலர்கள் லினக்ஸை வெளி டிஸ்க்கில் போட்டுவிட்டு பூட் கோப்புகளை மட்டும் உள்ளே இருக்கும் டிஸ்க்கின் ஈஎஃப்ஐ-யில் கொண்டுபோய் வைத்துவிடும். பிறகு வெளி டிஸ்க்கைப் பிடுங்கிவிட்டு ஆன் செய்தால் க்ரப் வந்து வெறுமனே முழிக்கும். டேட்டாவுக்குச் சேதம் இல்லை, ஆன் செய்ததும் பூட் மெனுவுக்கான எஃப்12 அழுத்தி விண்டோஸைத் தேர்ந்தெடுத்தால் வந்துவிடும். ஆனால் அதைப் பார்த்ததும் பதறாமல் இருக்க அனுபவம் வேண்டும். கேபிள் லேசாக ஆடினாலும் ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸ் அப்படியே உறைந்துவிடும். படுத்துக்கொண்டு லேப்டாப்பை வயிற்றில் வைத்துப் படிக்கிற பையனுக்கு ஒத்துவராது.

மிச்சம் இருந்த வழி, உள்ளேயே இரண்டாவது டிஸ்க். லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றிப் பார்த்தோம். ஒரு எம்.2 எஸ்எஸ்டி இருந்தது, பக்கத்தில் இன்னொரு இடம் காலியாக இருந்தது. எல்லா மெஷினிலும் இந்த அதிர்ஷ்டம் இருக்காது, வாங்குவதற்கு முன்னால் கழற்றிப் பார்ப்பதே நல்லது. எஸ்.பி. ரோட்டுக் கம்ப்யூட்டர் கடைக்குப் பையனை அனுப்பி ஒரு 256 ஜிபி வாங்கிவரச் சொன்னேன். அந்த இடம் சாட்டா வகையா, என்விஎம்இ வகையா என்று கேட்டுக்கொண்டு போகச் சொன்னேன். பார்க்க இரண்டும் ஒன்று போலவே இருக்கும்.

இந்த வழியில் எனக்குப் பிடித்தது ஒரே விஷயம். நிறுவும்போது பழைய டிஸ்க்கைக் கழற்றி வெளியே வைத்துவிடலாம். கண்ணில் படாத டிஸ்க்கை எந்த இன்ஸ்டாலராலும் அழிக்க முடியாது. எதையும் சுருக்க வேண்டாம், என்க்ரிப்ஷனை எடுக்க வேண்டாம், பட்டியலில் எது எந்த வரி என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டாம். 'டிஸ்க்கை அழித்துவிட்டு நிறுவு' என்பதையே தைரியமாக அழுத்தலாம். செலவாகிறது, உண்மைதான். எல்லாவற்றையும் இது தீர்க்காது என்பதும் உண்மை. 2024 ஆகஸ்டில் ஒரு விண்டோஸ் அப்டேட் வந்து, டூயல் பூட் மெஷின்கள் பலவற்றில் லினக்ஸ் எழாமல் செய்துவிட்டதே, அதிலிருந்து தனி டிஸ்க்கும் காப்பாற்றாது. அந்தத் தடை எழுதப்பட்டது டிஸ்க்கில் இல்லை, மதர்போர்டின் நினைவில். அப்போதும் போனது பூட்தான், யாருடைய கோப்பும் அதனால் அழியவில்லை.

எந்த வழியாக இருந்தாலும் அதற்கு முன்னால் பேக்கப். காகிதங்கள் இருந்த ஃபோல்டர் மொத்தமே இரண்டு ஜிபிக்குள்தான். ஒரு பழைய ஹார்டு டிஸ்க்கில் ஒரு நகல், பையனின் கூகுள் டிரைவில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று. பென்டிரைவ் அடுத்த வாரம் மாரிக்குப்பம் ரயிலில் பாட்டி வீட்டுக்குப் போகும் என்று முடிவாயிற்று. 'காப்பி முடிந்தது' என்று திரை சொன்னதை நான் ஏற்கவில்லை. வேறு ஒரு கம்ப்யூட்டரில் செருகி, ஒவ்வொரு கோப்பையும் திறந்து காட்டச் சொன்னேன். ஒரு ஸ்கேன் பாதியிலேயே சாம்பலாக நின்றது. லேப்டாப்பில் இருந்ததே அப்படித்தான், இத்தனை நாள் யாரும் திறந்து பார்க்கவில்லை. நல்லவேளை, அந்தக் காகிதத்தின் ஜெராக்ஸ் சித்தப்பா வீட்டில் இருக்கிறதாம்.

சாயங்காலம் நிறுவினோம். பழைய எஸ்எஸ்டி சூயிங்கம் பட்டை அளவுதான் இருக்கும். புதியது வந்த ஆன்டிஸ்டேடிக் கவரில் அதைப் போட்டு ஒரு டிபன் டப்பாவுக்குள் வைத்தோம். லினக்ஸ் ஏறி முடிகிற வரைக்கும் அப்பா அந்த டப்பா மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். காபி வந்தபோதும் கையை எடுக்கவில்லை. பிறகு இரண்டு டிஸ்க்கையும் மாட்டி, எஃப்12 அழுத்தி ஒவ்வொன்றாக எழுப்பிக் காட்டினேன். இரண்டும் எழுந்தன. விண்டோஸில் மணி ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டியது. மதர்போர்டு கடிகாரத்தை லினக்ஸ் உலக நேரமாகப் படிக்கும், விண்டோஸ் உள்ளூர் நேரமாகப் படிக்கும். லினக்ஸில் ஒரு வரி கட்டளையில் சரியாயிற்று.

"விண்டோஸ் வேணும்னா எஃப்12 வழியாத்தான் போகணும், க்ரப் மெனுவுல சேர்க்காதே" என்று சொல்லித்தான் அனுப்பினேன். இராத்திரி பதினொன்றரைக்குக் கதவு தட்டப்பட்டது. யூடியூபில் எதையோ பார்த்து க்ரப் மெனுவில் விண்டோஸையும் சேர்த்து, அதன் வழியாகவே உள்ளே போயிருக்கிறான். பாதை மாறியதைக் கவனித்த பிட்லாக்கர் நீலத் திரையில் 48 இலக்கம் கேட்டுக்கொண்டு நிற்கிறது. பையன் முகம் வெளிறிப்போயிருந்தது. அப்பா ஒன்றும் பேசவில்லை. மாடிக்குப் போய்க் காலண்டரோடு கழற்றிக்கொண்டு வந்தார், கண்ணாடியை மாட்டிக்கொண்டார், முதல் ஆறு எண்களை வாசிக்க ஆரம்பித்தார்.